மூச்சுப் போட்டி

ஓசூருக்குத்தான் தம்பி. பொண்ணு வீடு. வரச்சொல்லலை, நானாத்தான் போறேன். கதவைத் திறப்பாளான்னு தெரியாது. திறந்தா உள்ள போறது, திறக்கலைன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு திருச்சிக்குத் திரும்புறது. இதுல யோசிக்க என்ன இருக்கு?

சண்டையான்னு கேக்குறீங்க. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்ல? அவ பேசுறதே இல்லை. எங்க குழுவோட ஆண்டு விழா நடந்துச்சு, பத்தாவது ஆண்டு. அன்னையில இருந்து என் போனை எடுக்கிறதில்லை. ஒரே பொண்ணு. மஞ்சரின்னு பேரு. அவங்கம்மா தன்னோட அம்மா பேரை வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் விடலை. மஞ்சரிங்கறது எங்க ஐயா பாட்டுல வர்ற பேரு.

ஐயான்னா குலசேகரன் ஐயா. டி. குலசேகரன், பின்னணிப் பாடகர். தெரியாதா? உங்க வயசுக்குத் தெரியாதுதான். அந்தக் காலத்துல பெரிய பாடகர் யாராவது ஊர்ல இல்லைன்னா இவரைக் கூப்பிட்டுப் பாட வைப்பாங்க. அதுல பாதிப் பாட்டு நீங்களே கேட்டிருப்பீங்க, வேற யாரோ பாடினதுன்னு நினைச்சிருப்பீங்க. அந்த அநியாயத்தைக் கேக்கத்தான் குழுவையே ஆரம்பிச்சேன். 'குலசேகர கானம்'. போன்லதான். நான் அட்மின். டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன் தம்பி. லைன்ல இரைச்சல்னு புகார் வந்தா, காதை வச்சே எந்த இடத்துல கேபிளுக்குள்ள தண்ணி இறங்கியிருக்குன்னு சொல்லுவேன். இந்தக் காது அப்படி.

ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கோம். தூத்துக்குடி, கொழும்பு, மஸ்கட், கனடா. முகம் தெரியாத சனம்தான், ஆனா ஐயான்னா உசுரு. பாட்டு மட்டும் இல்லை, அவரோட எந்தச் சத்தம் கிடைச்சாலும் குழுவுல ஏத்திடணும். ஒரு ரெக்கார்டிங் நடுவுல ஐயா, 'கொஞ்சம் வெந்நீர் குடுப்பா'ன்னு கேப்பார். தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் பழைய டேப்புல கண்டுபிடிச்சார். அதைக் கேட்டுட்டு நான் அழுதேன். நிஜமாத்தான். பாடுற குரலை யார் வேணா வச்சிருப்பாங்க தம்பி, மனுஷன் வெந்நீர் கேக்குற குரல் எங்க கிடைக்கும்? எங்க குழுவுல மட்டும்தான் இருக்கு. உள்ள வந்ததும் கண்ணுல படுற மாதிரி மேலேயே ஒட்டி வச்சிருக்கேன்.

எங்களுக்குன்னு ஒரு போட்டி உண்டு. மூச்சுப் போட்டி. பல்லவி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாடகர் ஒரு மூச்சு இழுப்பார்ல, அதை மட்டும் வெட்டிப் போடுவோம். வார்த்தை கிடையாது, மெட்டு கிடையாது. வெறும் மூச்சு. என்ன பாட்டுன்னு சொல்லணும். சிரிக்கிறீங்க. எல்லாரும் முதல்ல சிரிப்பாங்க. தாலாட்டுக்கு இழுக்கிற மூச்சு வேற, குடிகாரன் பாட்டுக்கு இழுக்கிற மூச்சு வேற. அன்னைக்குச் சளி பிடிச்சிருந்துச்சா, நின்னு பாடினாரா உக்காந்து பாடினாரான்னு கூடச் சொல்லிடலாம். நான் ஒரு தடவை கூடத் தோத்ததில்லை. பொறாமையில ரெண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க.

என் சம்சாரத்துக்கு இதெல்லாம் ஏறாது. புனிதவதின்னு பேரு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு அவ முன்னாடியே சொல்லுவேன். சிரிச்சுக்கிட்டுப் போயிடுவா. நான் மாடியில காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ கீழ இருந்து சாப்பிடக் கூப்பிட்டா கேக்காது. போன் பண்ணுவா, கட் பண்ணிடுவேன். பாட்டு ஏறிக்கிட்டு இருக்கும்போது போன் வந்தா பாதியில நின்னுடும்ல? என்ன பண்ணா தெரியுமா? பொண்ணுகிட்டச் சொல்லிக் குழுவுல சேந்துட்டா. சேந்து வாய்ஸ் போட்டா. 'ஏங்க, சாப்பிட வாங்க. ரசம் ஆறுது.'

ஆயிரம் பேர் இருக்கிற குழுவுல தம்பி!

மானம் போச்சு. எல்லாரும் சிரிக்கிற பொம்மையாப் போட்டுத் தள்ளுறாங்க. 'அட்மின் சார், ரசம் ஆறுதாம்'னு கனடாவுல இருந்து ஒருத்தர். குழுவுக்கு விதின்னு இருக்குல்ல? ஐயாவைத் தவிர வேற பேச்சு கூடாது. நான் உடனே போட்டேன்: 'திருமதி புனிதவதி அவர்களுக்கு முதல் எச்சரிக்கை.' வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க.

அவ காதுலயே போட்டுக்கலை. தினமும் வாய்ஸ்தான். காலையில தோசை ஊத்திட்டேன்னு, மத்தியானம் வாங்கன்னு. மஸ்கட்ல ஜமால்னு ஒருத்தர். தனியாப் பொங்கித் திங்கிற மனுஷன். 'அண்ணி, இன்னைக்கு என்ன குழம்பு?'ன்னு கேட்டு எழுதுவார். இவளுக்கு எழுத வராது, வாய்ஸ்ல சொல்லுவா. சுண்டைக்காயை எப்ப போடணும், புளியை எவ்வளவு கரைக்கணும், எல்லாம். தீபாவளிக்கு ஐயா பேட்டியோட அரிய ஒலிப்பதிவு ஒண்ணு ஏத்தினேன். பத்து பேர் கேட்டாங்க. அதே அன்னைக்கு இவ லேகியம் கிளறுறதைச் சொன்னா, அம்பது பேர் நன்றி சொல்றாங்க. இது ஐயா குழுவா, இவ சமையக்கட்டான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திருந்தினா. பேச்சு குறைஞ்சுச்சு. குழம்பு விவரமெல்லாம் நின்னு போச்சு. 'ஏங்க, சாப்பிட வாங்க'ன்னு மட்டும் வரும். கடைசியில அதுவும் சுருங்கி, 'வாங்க'ன்னு ஒரே வார்த்தை. அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்கள்ல, எனக்கு ஒரு திருப்தி. ஒரு எச்சரிக்கையை வாபஸ் கூட வாங்கினேன்.

போன வருஷம் ஆடியில போயிட்டா.

சமையக்கட்டுலதான். அன்னைக்கு 'வாங்க'ன்னு வரலை. நேரமாச்சேன்னு நானே இறங்கிப் போனேன். ஆஸ்பத்திரியில ரொம்பத் தாமதம்னுட்டாங்க. இருதயம் வீங்கிப் போயிருந்துச்சாம். டாக்டர் என்னமோ நிறையச் சொன்னார், நான் தலையாட்டினேன். அழுகை வரும்னு நினைச்சேன். எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வரலை. இன்னும் வரலை. மரத்துப் போன கால்ல எறும்பு ஏறினா எப்படி இருக்கும்? ஏறுதுன்னு கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். காரியம் முடிஞ்ச மறுநாள் ஐயாவோட படகுப் பாட்டை ஏத்தினேன். மனசு லேசாகும்னு இல்லை. அந்த வாரம் ஏத்துறதாச் சொல்லியிருந்தேன், அதனால.

குழுவுல அஞ்சலி அஞ்சலின்னு ஒரு வாரம் ஓடுச்சு. எனக்கு இவ்வளவு மரியாதையான்னு ஆச்சரியமா இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு முன்னாடி குழுவைச் சலிச்சுடுவேன். ஒரு வருஷமா ஒரு வார்த்தை எழுதாம, ஒரு லைக் போடாம சும்மா கிடக்கிறவங்களை எடுத்துடுறது. மாவு சலிக்கிற மாதிரிதான். கப்பி நின்னா பலகாரம் கெடும். எடுக்கும்போது கீழ ஒரு கட்டம் வரும், 'இவர் போட்டதையும் சேத்து அழிக்கவா?'ன்னு. டிக் பண்ணிடுவேன். குப்பை எதுக்கு? இந்த வருஷமும் பேர் பேராப் பாத்துக்கிட்டே வந்தேன். புனிதவதின்னு வந்துச்சு. தலைத் திவசம் முடிஞ்சு போச்சு, அப்ப வருஷத்துக்கு மேல ஆச்சுன்னுதானே அர்த்தம்? போன வருஷம் மதுரை இன்ஜினியர் ஒருத்தர் இறந்து போனார், அவரையும் எடுத்தேன். விதின்னா விதி. டிக் பண்ணினேன். அழுத்தினேன்.

நிஜமாச் சொல்றேன், ஒண்ணும் தோணலை.

மறுநாள் காலையில மஞ்சரி போன். 'என்னப்பா பண்ணீங்க?' அவங்கம்மா போனை இவதான் வச்சிருக்கா. வேலைக்குப் போற பஸ்ல தினமும் அந்த வாய்ஸை எல்லாம் போட்டுக் கேட்டுக்கிட்டே போவாளாம். எனக்கு எப்படித் தெரியும்? கேக்குறது கணக்குல வராது தம்பி, ஒரு லைக் போட்டிருந்தாலும் கணக்குல வந்திருக்கும். அதையும் அவகிட்டச் சொன்னேன். 'அம்மா போன்ல இருந்து நான் எப்படிப்பா லைக் போடுவேன்'னா. அதுவும் நியாயம்தான். 'நீங்க எதையாவது எடுத்து வச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டா. இல்லையேன்னேன். என்கிட்ட ஐயாவோடதுதான் இருக்கு, எல்லாம் வரிசையா இருக்கு. 'வீட்டுல வேற எதுலயாவது அம்மா பேசினது இருக்குமாப்பா?' யோசிச்சுப் பாத்தேன். கல்யாணக் கேசட்டுல நாதஸ்வரம்தான் கேக்கும். இல்லைம்மான்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

நாலு நாள் கழிச்சு அவளே கூப்பிட்டு, 'ஆண்டு விழாவுக்கு நான் வர்றேம்பா'ன்னா. பாத்தீங்களா? பத்து வருஷமா வராத பொண்ணு. கோவம் தணிஞ்சிடுச்சு, நம்ம உழைப்பு புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரியுது, குழுவுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கா எழுதிக் கேட்டிருக்கா. எங்கம்மா குரல் உங்ககிட்ட இருக்கான்னு. ஜமால் இருக்குன்னு சொல்லியிருக்கார். லீவுல வர்றேன், விழாவுல உங்க கையில தர்றேன்னு சொல்லியிருக்கார்.

விழா பிரமாதம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஓட்டல் மாடியில ஒரு ஹால். எல்லாரும் ஐயா படம் போட்ட பனியன். கேக்குலயும் ஐயா படம்தான். எங்க வழக்கம் என்னன்னா முகத்துல கத்தி படக்கூடாது. சுத்தி ஓரத்தை மட்டும் வெட்டி எல்லாருக்கும் குடுத்துட்டு, முகத்தை அப்படியே விட்டுடுவோம். சாயங்காலம் வரைக்கும் ஃபேனுக்குக் கீழ ஐயா இருப்பார், எறும்பு மொய்க்கிற வரைக்கும். மஞ்சரி கடைசி வரிசையில உக்காந்திருந்தா. பனியன் குடுத்தேன், மடியில வச்சுக்கிட்டா.

மத்தியானம் மூச்சுப் போட்டி. வழக்கம் போல எல்லாரையும் ஊதித் தள்ளிட்டேன். ஏழெட்டு மூச்சு போட்டாங்க, எல்லாத்துக்கும் பாட்டு, வருஷம், சளி, எல்லாம் சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்லை. அப்ப ஜமால் எந்திரிச்சு வந்தார். போன்ல பழகினதை வச்சு ஒல்லியான ஆளுன்னு நினைச்சிருந்தேன், நல்ல வாட்டசாட்டமான ஆளு. 'அட்மின் சாருக்கு மட்டும் ஒரு கடைசிக் கேள்வி'ன்னு சொல்லிட்டு மஞ்சரியைப் பாத்துச் சிரிச்சார். தன்னோட போனை மைக்குப் பக்கத்துல வச்சு, லேசா ஓட விட்டு நிறுத்தினார். ஒரே ஒரு மூச்சு.

ஐயா மூச்சு இல்லை. அது எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. சரி, ஏமாத்துக் கேள்வி, என்னை மடக்கப் பாக்குறார்னு நினைச்சேன். இன்னொரு தடவைன்னேன். போட்டார். கண்ணை மூடிக் கேட்டேன். ஹால்ல எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்கன்னு அப்புறம் சொன்னாங்க, நான் பாக்கலை. மைக்கை வாங்கி ஒவ்வொண்ணாச் சொன்னேன். 'இது பெண் மூச்சு. பாடகி கிடையாது, பழகாத மூச்சு. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். நின்னுக்கிட்டுப் பேசுறாங்க. மாடிப்படி ஏறி வந்த மாதிரி வாங்குது, ஆனா படி ஏறலை, ஏறியிருந்தா வேகம் வேற மாதிரி இருக்கும். நின்ன இடத்துலயே வாங்குது. அடியில ஒரு ஈரம் கேக்குது பாருங்க, தண்ணி இறங்கின கேபிள் மாதிரி. நெஞ்சுல நீர் கோத்திருக்கு. நம்ம ஐயாவோட கடைசி ரெக்கார்டிங்ல இதே மூச்சுதான். இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியலை. யாரா இருந்தாலும் இன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க.'

சொல்லிட்டுக் கண்ணைத் திறந்தேன். ஒரு முகத்துலயும் சிரிப்பு இல்லை. ஜமால் பதறிப்போய்ப் போனை எடுத்தார். நிறுத்தப் போனவர் எதையோ அழுத்திட்டார் போல, மிச்சமும் ஓடிருச்சு. ஹால் பூரா, பெரிய ஸ்பீக்கர்ல.

'ஏங்க... வாங்க.'

ஒரு டீச்சரம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு வெளியில ஓடினாங்க. ஜமால், 'மன்னிச்சுக்கங்க சார், நீங்க கேட்டதும் கண்டுபிடிச்சுச் சந்தோஷப்படுவீங்கன்னுதான் சார் போட்டேன்'னு அழறார். அவ்வளவு பெரிய ஆளு. அவர் ராத்திரி சோத்தைப் போட்டு வச்சுட்டு இதைப் போட்டுக் கேட்டுட்டுத்தான் கை வைப்பாராம், மஸ்கட்ல. எனக்கு அவரைச் சமாதானம் பண்ணணும்னு தெரியுது, ஒரு தம்ளர் தண்ணியை எடுத்து நீட்டினேன். வெறும் மூச்சை வச்சு ஆளு யாருன்னு எப்படித் தம்பி சொல்ல முடியும்? அவ மூச்சை நான் தனியாக் கேட்டதே கிடையாதே.

மஞ்சரி கடைசி வரிசையில இருந்து எந்திரிச்சு வந்தா. மெதுவா வந்தா. என் எதிர்ல நின்னா. அவ அழலை. அவளும் என்னை மாதிரிதான் போலன்னு நினைச்சேன். 'அப்பா, அந்த மாதிரி மூச்சு எப்ப ஆரம்பிச்சிருக்கும்?'னு கேட்டா.

மைக்கு என் கையிலதான் இருந்துச்சு. கேள்வின்னு வந்தா பதில் சொல்லணும்ல? 'இந்த அளவுக்கு வர்றதுக்கு ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்மா'ன்னேன். 'பேசும்போது வார்த்தை குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும். கூட இருக்கிறவங்க காது குடுத்துக் கேட்டிருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்கும்.' மைக்குலதான் சொன்னேன். என் குரல் எனக்கே ஸ்பீக்கர்ல இருந்து திரும்பி வந்துச்சு. சரியான பதில்தான் தம்பி. கை தட்டுவாங்கன்னு பழக்க தோஷத்துல ஒரு நிமிஷம் நின்னுட்டேன்.

அவ ஜமால்கிட்ட அந்த வாய்ஸை வாங்கிக்கிட்டா. பனியனை நாற்காலியில மடிச்சு வச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் பேசலை.

எனக்கும் அந்த வாய்ஸை அனுப்பியிருக்கார் ஜமால். கேட்டுப் பாத்தேன். நிறையத் தடவை கேட்டேன். மூச்சைக் கேக்க முடியுது, நீரைக் கேக்க முடியுது, அவளைக் கேக்க முடியலை. ஆனா ஒண்ணு, மத்தியானம் ஆனா தானா மாடியில இருந்து இறங்கிடுறேன். கீழ ஒண்ணும் இருக்காது. கொஞ்ச நேரம் நின்னுட்டு ஏறிடுவேன்.

தொப்பூர் தாண்டியாச்சா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம்தான்.

தம்பி, ஒரு உதவி. உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். என் நம்பர்னா எடுக்க மாட்டா, உங்க நம்பர்னா எடுப்பா. இல்லை இல்லை, நீங்க பயப்படாதீங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்குப் பேசவும் ஒண்ணும் இல்லை. அவங்கம்மா உடம்பு வாகுதான் அவளுக்கும். போனை எடுத்து ஹலோ சொல்றதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பா பாருங்க, அதை மட்டும் கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடுறேன்.